தோடம்பூச் சோடா

போன ஞாயிறு மகள் கொழும்பிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தாள். பூவும் எலுமிச்சையும் சேர்ந்த சோடாவாம், வெயிலுக்கு நல்லதாம். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்றது. நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். "ஏம்மா, உள்ள பாம்பா இருக்கு?" என்று சிரித்தாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். மூக்கு ஒழுகும் பதினேழு பேருக்கு நான்தான் மகாராணி. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா ஸ்டெல்லாவுடையது. புருஷன் விட்டுப்போனவள். நாலு வயது மகளை என்னிடம் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். புளித்த ரப்பர் பால் வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. லயத்துக்குப் பக்கத்தில் நின்ற தோடை மரத்தில், அந்த ஆரஞ்சு மரத்தில், பூ ஆய்ந்த அன்று மட்டும் உள்ளங்கையை என் மூக்கில் வைத்து, "மோந்து பாருடி, நானும் பொம்பளதான்" என்பாள்.

குவைத்தில் வேலை செய்த வீட்டில் அந்தப் பூச் சோடா செய்யப் பழகியிருந்தாள். பூ, எலுமிச்சைத் தோல், சாறு, சீனி, ஒரு பிடி முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை. எல்லாவற்றையும் வாளியில் ஊறப்போட்டு, துணியால் மூடி நாலு நாள் வைக்க வேண்டும். பிறகு போத்தலில் அடைத்தால் தானாகவே காஸ் ஏறும். கோயிலில் ஈஸ்டர் பாஸ்கு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு எப்போதும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். "இந்த வருசம் நாங்க நல்லதா குடுப்போம்" என்றாள். போத்தலுக்கு எங்கே போவது? தவறணைக்குப் பின்னால் கிடந்த சாராயப் போத்தல்களைப் பொறுக்கி, சாம்பல் போட்டுக் கழுவிக் கொடுத்தது நான்தான்.

புதன்கிழமை பின்னேரம் லயத்தில் கள்ளச் சாராயம், அதுதான் கசிப்பு, காய்ச்சுகிறார்கள் என்று யாரோ சொல்லி, போலீஸ் வந்தது. எந்த ஊர் போலீஸ் என்பது வேண்டாம். கட்டிலுக்கு அடியில் நுரைத்துக்கொண்டிருந்த வாளி, பக்கத்தில் வரிசையாகச் சாராயப் போத்தல்கள். "மேக மல் பீமக், மஹத்தயா" என்று நான்தான் சிங்களத்தில் சொன்னேன், பூவில் செய்த பானம் என்று. சார்ஜன்ட் வாளியை மோந்து பார்த்து, "பூப்போட்ட கசிப்பா?" என்று அதே பாஷையில் கேட்டுச் சிரித்தார். போத்தல் என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். "புள்ளயப் பாத்துக்க" என்றுவிட்டு ஸ்டெல்லா ஜீப்பில் ஏறினாள்.

தோட்ட ஆபீஸ் கிளாக்கரையாவிடம் ஓடினேன். "போலீஸ் விசயத்துல நான் என்னம்மா செய்ய?" என்றார். தொழிற்சங்கத் தலைவர் ஊரில் இல்லை.

ருசி பார்க்க முதலில் அடைத்து அடுப்படியில் வைத்திருந்த ஒரு போத்தல் அவர்கள் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. மறுநாள் காலையில் பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தப் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் பஸ் ஏறினேன். நீதவான் ஐயா ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடுமே! சட்டம் அப்படித்தான் நடக்கும் என்று எண்ணியிருந்த காலம். சனநெரிசல், சூடு. பாதி வழியில் என் மடியிலேயே அது வெடித்தது. பஸ் முழுக்கத் தோடம்பூ வாசம். கொண்டக்டர்கூட மூச்சை இழுத்து, "ஹரி சுவந்தய்" என்றார், நல்ல வாசமாம். நனைந்த சேலையோடும் கையில் போத்தல் கழுத்தோடும் கோர்ட் வாசலில் போய் நின்றேன்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஸ்டெல்லா குற்றத்தை ஒத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.

"ஏன்டி?"

"நாளைக்குப் பெரிய வெள்ளி, அப்புறம் வருசப் பொறப்பு லீவு. இல்லேன்னா அத்தன நாளும் உள்ள இருக்கணுமாம். ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுருவாங்கன்னாங்க. புள்ள சாப்பிட்டாளா?"

திரும்பவும் வெளிநாடு போகக் கடுதாசி எழுதிப் போட்டிருந்தாள். அதற்குக் கேட்ட போலீஸ் ரிப்போட்டில் அந்தக் கேஸ் வந்து நின்றது; பயணம் நின்றுபோனது. வருசக் கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போனாள். கொழும்பு என்றார்கள், நீர்கொழும்பு என்றார்கள். போத்தல் பொறுக்கியது யார் என்று கடைசி வரை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். தோடை மரம் இல்லை. லயம் இருந்த மேட்டில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. கடை வாசலில் பழைய கங்காணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். பால் வெட்டினவள், ஒரு பெண் பிள்ளை, சிரித்த முகம் என்று என்னென்னவோ அடையாளம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்று தலையாட்டினார்.

"யாரு, கசிப்பு ஸ்டெல்லாவா?"

"ஆமாங்க" என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அவருக்கு அவளைத் தெரியவில்லை.