கத்திரி அக்கா கேட்ட பாட்டு

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்காவுக்குக் கத்திரி என்று பெயர். பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றி, இருமல், மின்விசிறி, நாற்காலி கிரீச்சிடுவது என்று எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்குவது அவள் வேலை. பக்கத்தில் நான் தும்மினால்கூட முறைப்பாள்.

புருஷன் இறந்துபோனபோது அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அக்காவுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி ஒன்று போனில் இருந்தது. 'வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு.' அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிய அன்றே அதையும் சுத்தம் செய்துவிட்டாள். தினமும் மதியம் போட்டுக் கேட்பாள்.

"ஒண்ணும் வரமாட்டேங்குதுடி. மரத்துப்போய் கிடக்கு" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நாட்டுப்புறப் பாடகி ஒருவரின் நாடாக்கள் வந்தன. தானே பாட்டுக் கட்டித் தானே பாடியவர். இறந்து பல வருஷமாகியும் அவர் பாட்டு ஒலிக்காத லாரி கிடையாது. அக்காவுக்கு மட்டும் பாட்டு என்றால் திரையில் ஓடும் கோடுகள்தான். பாடகியின் வீட்டுச் சமையலறையில் பதிவானவற்றை வழித்துத் துடைத்து வைத்தாள்.

கேட்டுப் பார்க்க வந்த பாடகியின் மகன் கொஞ்ச நேரத்திலேயே ஹெட்போனைக் கழற்றினார்.

"அம்மா எங்க?"

"பாடறாங்களே, கேக்கலையா?" என்றாள் அக்கா.

"பாட்டு கேக்குது. வரி வரலைன்னா அம்மா 'ம்'னு இழுத்துக்கிட்டே நிப்பாங்க. அடுத்த வரி அதுலதான் வரும். அதைக் காணோமே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா எதிர்த்துப் பேசாமல் மூல நாடாவை ஓட்டினாள். முதல் தடவையாகத் திரையைப் பார்க்காமல் கேட்டாள்.

'கதவைச் சாத்திப் போனவனே, காத்தை எப்படிச் சாத்துவ' என்று ஓடிய பாட்டு நின்றது. தட்டு ஒன்று நகர்ந்தது. தாழ்வாக அந்த 'ம்'. பாடகி சொல்லைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, தனக்குத்தானே சிரிக்கிறார், பிறகு வேறொன்றைப் போட்டுத் தொடர்கிறார். அந்தச் சொல் வந்து விழுந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. லாரியில் கேட்ட பாட்டா இது என்றிருந்தது.

அக்கா மறுபடி மறுபடி போட்டாள்.

"எவ்வளவு நல்லாருக்கு" என்றாள். அவள் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு அது.

பிறகு போனைக் கையில் எடுத்தாள். "இவரு பேசினதோட அசல் எங்கயாவது இருக்குமா?"

"சுத்தம் பண்ணதும் பழசை நீதானே அக்கா அழிச்சே."

அலுவலக நாடாவென்றால் மூலத்தைத் தொடமாட்டோம். சொந்தப் பொருளுக்கு யார் அவ்வளவு பார்க்கிறார்கள்?

"சாப்பிட்டுடுன்னு சொல்லிட்டு உடனே நிறுத்தல. கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. பஸ் சத்தமும் மூச்சும்தான் இருந்துச்சு" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கண்ணும் காய்ந்தே இருந்தது.

"என்னமோ சொல்லத் தேடியிருக்காருடி. நான் வெத்து இடம்னு வெட்டிட்டேன்."