முழுக்கைச் சட்டை

ஆம்பூரிலிருந்து விமான நிலையத்துக்கு என்னையும் மகனையும் ஏற்றிப்போன வாடகைக்கார் ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். மருதாணியில் சிவந்த தாடி. பேசும்போது திரும்பவே மாட்டார். கண்ணாடியில் பார்த்துத்தான் பேசுவார்.

எத்தியோப்பியாவில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர் மகனைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரிடம்தான் கிளம்பியிருந்தோம். அன்று காலை மகனின் முதுகில் நீர்க்கொப்புளங்களைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினேன்.

வழியெல்லாம் அவன் சொறிந்துகொண்டே வந்தான். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தம்பிக்கு அம்மை போட்டிருக்குது இல்லம்மா?"

"வேர்க்குரு பாய்."

"என் மருமவ ஏழு மாசம். நான் இன்னிக்கு வூட்டுக்குப் போவாம தோஸ்த் வூட்ல தங்கிக்குவேன். பிளேன்ல பக்கத்துல ஒக்கார்றவங்களுக்கு இன்னாம்மா தெரியும்? ஏர்போர்ட்டா, வூடா, நீயே சொல்லு."

போனில் டிக்கெட்டை ரத்து செய்தேன். "வீட்டுக்கே போங்க பாய்" என்றேன்.

"நல்லவேளை, நீ கவனிச்சே" என்றார் கணவர், அன்றிரவு போனில். நான் மறுக்கவில்லை.

பத்தாம் நாள் மகனுக்குப் பொருக்கு உதிர்ந்தது. அந்த மனிதர் எத்தனை நாள் வீட்டுக்குப் போகாமல் இருந்தாரோ, போன் செய்து கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.