இரண்டு குரோம்பேட்டை

ஹெட்போனில் ஒரு பக்கம் மின்சார ரயில் தடதடக்கும். இன்னொரு பக்கம், "மீனேய்ய்... சங்கரா, நெத்திலி, வஞ்சிரம்..." என்று ஒரு குரல் தெருவையே எழுப்பும்.

அது என் தோழி தேவியின் அம்மா குரல். கோவளம் பக்கம் ஒரு மீனவர் குப்பம் அவர்கள் ஊர். காலையில் அன்னக்கூடையோடு பஸ் ஏறினால் மேடவாக்கம், தாம்பரம் என்று சுற்றி விற்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

எங்களுக்குக் காலேஜில் கடைசி வருஷம். ரெண்டு பேருக்கும் ஒரு மியூசிக் சாஃப்ட்வேர் பைத்தியம் பிடித்திருந்தது. கோட் எழுதவே வேண்டாம். திரையில் பெட்டி பெட்டியாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்தால் சத்தம் அந்த வழியே ஓடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஃபைல். பெட்டியில் என்ன பெயரோ அதே பெயரில் ஃபைல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சிவப்பாகிவிடும். சத்தம் அங்கேயே நின்றுவிடும்.

"டிரெயின் மாதிரியே இருக்குல்ல?" என்றேன். அன்றைக்கே பெட்டிகளுக்கெல்லாம் ஸ்டேஷன் பெயர் வைத்துவிட்டோம். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்...

அதில் ஒரே கூத்துதான். டீக்கடையில் நின்று, "பல்லாவரத்துல ஒரே இரைச்சல்டி, சானடோரியம் தாண்டினாலே கட் ஆவுது" என்று தேவி சொல்ல, டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் பதறிவிட்டார்.

"இன்னாமா, டிரெயின் ஓடலியா? என் பொண்ணு அந்த வண்டிலதான் வந்துகினு கீது!"

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் டீ ஆறிவிட்டது.

வருஷக் கடைசியில் காலேஜ் ஹாலில் எங்கள் எட்டு நிமிட இசையைப் போட இடம் கிடைத்தது. தேவிக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா ஒரு தபா கேக்கணும்டி கவி. கம்ப்யூட்டர்ல பொட்டி வரையறதுக்கா படிக்க வெச்சேன்னு கேட்டுகினே கீது. ஒரே ஒரு தபா கேட்டா போதும்."

நிகழ்ச்சியன்று காலை, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். எனக்குச் சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஃபோல்டரில் ரெண்டு குரோம்பேட்டை இருந்தது. ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'e' போட்டது ஒன்று, போடாதது ஒன்று. முதலாவது நான் செய்தது, அடுத்தது தேவி லேபில் செய்தது. ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

ஒரு ஊருக்கு எதற்கு ரெண்டு ஃபைல்? பென் டிரைவில் ஒன்றை அழித்தேன். பெரிய சாதனை செய்த நினைப்பு வேறு.

மத்தியானம் தேவியின் அம்மா வந்தார். பாதிக்கூடை மீன் இன்னும் விற்கவில்லை. கூடையை ஈரச் சாக்கு போட்டு மூடி, வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "சீக்கிரம் போடுங்கடி. வெயில்ல மீனு பூடும்" என்றார்.

போட்டோம். ரயில் வந்தது, சானடோரியம் தாண்டியது... நின்றுவிட்டது. ஸ்டேஜ் பின்னால் பெரிய திரையில் குரோம்பேட்டைப் பெட்டி மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. அம்மாவின் குரல் இருந்ததே அதற்குள்தான்.

ஃபோல்டரைத் திறந்தால் குரோம்பேட்டை இருக்கிறது! பெட்டியோ இல்லை என்கிறது. கடைசி வரிசையில் அம்மா எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். தேவி என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "ஸ்பெல்லிங் தப்பும்மா! குரோம்பேட்டைக்கு நடுவுல 'இ' கிடையாது. நான் அந்த ஊர்தான்!" என்றார்.

"யாருங்க சொன்னது? ஸ்டேஷன் போர்டுல 'இ' இருக்கே, போய்ப் பாருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு சார்.

"பஸ் போர்டுல இல்லையே சார்!"

ஹாலே ரெண்டு கட்சியாகப் பிரிந்தது. எனக்குச் சட்டென்று உறைத்தது. பெட்டி கேட்பது 'e' போட்டதை. காலையில் நான் அழித்ததும் அதைத்தான்! மிச்சமிருந்த ஃபைலின் பெயரில் ஒரு 'e' சேர்த்து, மூடித் திறந்தேன். சிவப்பு போனது.

"மீனேய்ய்ய்..."

வாசல்வரை போன அம்மா அப்படியே திரும்பினார்.

"யார்டி அது, என் தொண்டையில கூவுறது?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அம்மா உட்காரவில்லை. கதவோரமே நின்று கடைசிவரை கேட்டார். அவர் கூவலை அவரே முணுமுணுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து தேவி அழுதுகொண்டே சிரித்தாள். முடிந்ததும் முன்வரிசை அக்காதான் முதலில் எழுந்து, "சங்கரா இருக்காம்மா?" என்று கேட்டார். கால் மணி நேரத்தில் கூடை காலி. 'இ' உண்டு என்ற சாரும் நெத்திலி வாங்கிப் போனார்.

இப்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்தினால் போதும்... தேவையான ஃபைல்கள் எல்லாம் தானாகவே ஒரே மூட்டையாகச் சேர்ந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு எழுத்துக்காக ஒரு ஹாலே சண்டை போட்ட சுகம் அதில் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்த பழைய ஃபோல்டரைப் புது லேப்டாப்பில் திறந்தேன். ஒரு பெட்டிகூடச் சிவக்கவில்லை. உடனே தேவிக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தேன். முட்டிவலி வந்ததிலிருந்து அம்மா கூடை தூக்குவதில்லை.

கேட்டு முடித்ததும் சொன்னார்:

"இன்னா கொரலுடி அது... இப்போ எங்கிட்டயே இல்ல. உங்கிட்டதான் கீது. நீதான் சுத்தம் பண்ற ஆளாச்சே, அழிச்சி கிழிச்சி வெக்காதே."

"அழிக்கலம்மா. ரெண்டு குரோம்பேட்டையும் பத்திரமா இருக்கு."