மரகதத்தை முந்திய முனிரத்தினம்

மரகதம் எனக்குச் சின்னம்மா மகள். அவள் புருஷன் முனிரத்தினம் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி முறை. பென்னலூரில் அவளை நான்தான் பேசிக் கட்டிவைத்தேன்.

தொண்ணூற்றொன்று பங்குனியில், ரோட்டோரக் கம்பெனி ஒன்றில் மூட்டை இறக்கும்போது முனிரத்தினம் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்தார்கள். தேறிவிட்டான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலை என்றது கம்பெனி.

தினம் காலையில் நடக்கச் சொன்னாள் டாக்டரம்மா. தனியாகப் போகக் கூடாது. பேசிக்கொண்டே நடக்க வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அவனும் நின்றுவிட வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு, போன தூரத்தை அளந்துகொண்டாள். ஆடி கழித்து மறுபடி அளப்பாளாம். தூரம் கூடியிருந்தால் இருதயம் தேறுகிறது என்று அர்த்தம்.

ஏரிக்கரை மேல் மதகு வரைக்கும் மரகதம் அவன்கூட நடந்தாள். முதலில் அவள் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்ப்பாள். வைகாசியில் இருவரும் ஒன்றாக வந்தார்கள். ஆடியில் அவன் முந்திவிட்டான். எங்களுக்கு ஆஸ்பத்திரி அளவெல்லாம் எதற்கு? அவளைத் தாண்டிவிட்டானே, அது போதாதா!

மதகு திறக்கிற மாரி கேலி பண்ணினான்.

"இன்னா முனி, பொண்டாட்டிய தோக்கடிச்சிட்ட போலகீதே!"

"அவ எங்க நடக்கறா, ஆமையாட்டம்! நான் பேசறத கேட்டுக்கினே வரா."

அவன் வாய் ஓயாமல் பேசினான். அவள் 'உம்' மட்டும் கொட்டினாள். மற்ற நாளில் அத்தனை வாயாடி அவள். புருஷன் தேறின சந்தோஷத்தில் அவனைப் பேசவிடுகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

ஆவணியில் அளக்கப் போனபோது நானும் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீறாப்பாக நடந்தான்.

"அதே தூரம்தான்பா. கொஞ்சமும் கூடல" என்றாள் டாக்டரம்மா.

"இன்னாம்மா சொல்றீங்க! தெனம் என் சம்சாரத்த பின்னால வுட்டுட்டுப் போறேன். அதையே கேளுங்க."

டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மரகதத்தைப் பார்த்தாள். பிறகு அவள் காலைப் பார்த்தாள். கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது.

"நீ கொஞ்சம் நடம்மா."

"எனக்கின்னாத்துக்கும்மா? சீட்டு அவருதாச்சே."

எழுந்து நடந்தாள். பாதி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வேகம் கூடவே இல்லை. அவள் வேகம்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இருதயத்து வால்வைச் சுருக்கிவிட்டிருந்ததாம். அன்றே பெண்கள் வார்டில் சேர்த்தார்கள்.

"ஏன்டி வாயத் தொறக்கல?" என்று கட்டிலண்டை நின்று கத்தினான்.

"நான் நின்னா நீயும் நின்னுடுவ மாமா. அப்பறம் எப்ப வேலைக்குப் போவ?" இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் சொன்னாள். என்னைப் பார்த்து, "கத்தறதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல பாருக்கா. அதையும் அளக்கச் சொல்லு" என்றாள்.

ஐப்பசி மழையில் அந்த வார்டிலேயே போய்விட்டாள்.

அவன் நடையை விடவில்லை. மாரி துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். தையில் அளந்தபோது தூரம் நிஜமாகவே கூடியிருந்தது. டாக்டரம்மா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"நல்லா தேறிட்டப்பா."

"ஆமாம்மா" என்று வாங்கிக்கொண்டான்.