சுவர் பார்த்துச் சாப்பிட்டவர்

மதியம் ஆனதும் அவர் நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுவார். நாலடுக்கு கேரியரைப் பிரித்து, வயிற்றோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, இடது கையை அதைச் சுற்றி வேலி மாதிரி வளைத்துக்கொள்வார். அதன் பிறகு எங்களுக்குத் தெரிவது அகலமான ஒரு முதுகு மட்டும். மெல்லுகிற சத்தம் வராது. விழுங்குகிற சத்தம்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பல வருஷம் பார்த்த காட்சி அது.

எங்களுடையது துணிக்கடைப் பொம்மைகளைப் பழுது பார்க்கும் பட்டறை. மூக்கு உடைந்தும் விரல் முறிந்தும் வரும் பொம்மைகளுக்கு அவர் பட்டி வைப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், சாயம் அடிப்பார். கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் கண் எழுதுவார். நான் முடி ஒட்டுகிறவள். கழற்றிய தலைகள் அலமாரியில் வரிசையாக இருக்கும், கால்கள் மூலையில் சாய்ந்திருக்கும், கைகள் எல்லாம் ஒரு பெரிய கூடையில் கிடக்கும். பொம்மைகள் யாரையும் பேசச் சொல்லாது. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

நான் அவரை அண்ணன் என்பேன். மற்றவர்களுக்கு அவர் ‘குடோன்’. பொம்மை ஏற்றி இறக்கும் வண்டிக்காரர் வைத்த பெயர் அது.

“என்ன குடோன், சரக்கு ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு. உன் டப்பாவையும் கொண்டா. எடம் இருக்கு.”

அது வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை. வண்டிக்காரர் வைத்த மிச்சத்தையும் அவர் சாப்பிடுவார், நான் வைத்த மிச்சத்தையும் சாப்பிடுவார். ஆறிப்போனது, காய்ந்தது என்று பார்க்கமாட்டார். “மிச்சம் வைக்காத தங்கச்சி. மிச்சம் கிடந்தா நல்லால்ல” என்பார். அப்படிச் சொல்லும்போது ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார். அங்கே நான் இருப்பேன். எனக்குப் பின்னால் பொம்மைகள் நிற்கும். அவர் பார்வை என்மேலும் நிற்காது, பொம்மைமேலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில் எங்கேயோ நிற்கும்.

ஒரு நாள் நான் முடி ஒட்டும் பசையைத் தகரக் குவளையில் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் பொம்மைக்கு இமை வரைந்துகொண்டிருந்தார். “ஏதோ கருகுதே தங்கச்சி, உன் பசையைப் பாரு” என்றார். பார்த்தேன். கருகியது பசை இல்லை, அவருடைய சுண்டுவிரல். குவளையில் ஒட்டினாற்போல் அதை ஊன்றிக்கொண்டு, நிதானமாக இமை வரைந்துகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவர் விரலைப் பார்த்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல.

டாக்டரிடம் போய்விட்டு வந்து அவரே சொன்னார். “சர்க்கரையாம். காலு எப்பவோ மரத்துப்போச்சு, இப்ப விரலுக்கு வந்திடுச்சாம். இப்படியே தின்னுக்கிட்டிருந்தா பிரஷ் புடிக்க முடியாதாம்.” எங்கள் பட்டறையில் கண் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான்.

நாலடுக்கு கேரியர் ஓரடுக்கு ஆனது. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்று, கடையில் வாங்கிய ரொட்டியை அவர் விழுங்குவதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் பட்டறைக்கு வந்தார்.

“ஏம்மா, நீ பக்கத்துலேயே இருக்கியே, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீ எங்க சொல்லப்போற. உனக்குப் பேரு கேட்டாலே வேர்க்கும்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சட்டியில ஒரு வாய் மிச்சம் இருந்தாக்கூடத் தின்னு தீர்த்துட்டுத்தான் படுக்கிறார். பசிச்சுத் தின்னா எனக்குப் புரியும். இந்த மனுஷன் பயந்துக்கிட்டுல்ல திங்கிறார். அதுக்கு நான் எந்தக் கதவப் பூட்டுவேன்?”

ஒரு குழந்தைப் பொம்மை கடையிலிருந்து திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். ஐந்து வயதுப் பையன் உயரம் இருக்கும். எங்கள் பட்டறையில் வேறு கை பூட்டி அனுப்பியதுதான். வண்டிக்காரர் அதை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: “இது வேணாமாம். கை நீட்டுதாம். துணி வாங்க வந்த ஒரு அம்மா சில்லறை எடுத்து அதும் கையில போட்டுட்டாங்களாம். அப்புறம் மூஞ்சியப் பார்த்தவங்க, எடுத்த துணியையும் போட்டுட்டு ஓடியே போயிட்டாங்களாம்.”

வேறு ஏதோ காட்சிப் பொம்மைக்குச் செய்த கை அது. ஏதாவது பொருளை வைத்துக் காட்டுவதற்காக உள்ளங்கையை மேலே பார்த்த மாதிரி செய்திருந்தார்கள். அண்ணன் அதை எடுத்து இந்தத் துணிக்கடைப் பையன் பொம்மைக்குப் பூட்டிவிட்டார். இந்தத் தொழிலில் யாரும் செய்யாத தப்பு. விரல் மரத்துப்போனவர் கூடையில் துழாவும்போது தவறியிருக்கலாம். ஆனால் பூட்டும்போது கண் பார்த்திருக்குமே.

அவர் அந்தக் கைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். “இது சின்னவன் கை” என்றார்.

அவராகவே சொன்னார். வீட்டில் நிறையப் பிள்ளைகள், ஒரே பானை. வேகமாகத் தின்றவனுக்குத்தான் வயிறு நிறையும். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பார். கடைக்குட்டித் தம்பி பின்னால் வந்து நின்று, இவருடைய அக்குள் வழியாகக் கையை நீட்டுவான்.

“பேசவே மாட்டான் தங்கச்சி. கைய மட்டும் நீட்டுவான். நான் முழங்கையால தள்ளிவிடுவேன். அடிக்கிறதில்ல. ஈ ஓட்டுற மாதிரி. ஒரு மழைக்காலத்துல காய்ச்சல் வந்து போயிட்டான். ஆளு போயிட்டான், கை போகல. தட்டுல ஏதாவது இருக்கிற வரைக்கும் பின்னால வருது. காலியாயிட்டா வராது. அதான் காலி பண்ணிடுறேன்.”

குடோன் என்ற பெயருக்கு நானும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. சுவரோடு முதுகைச் சாய்த்து, அறையைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரே ஒரு முக்காலியில் அந்தப் பையனை உட்கார்த்தி வைத்தார். அதற்கு நான் முடி ஒட்டியிருந்தேன், கண் மட்டும் புதிதாக எழுத வேண்டும் என்று சுரண்டி எடுத்திருந்தார். கேரியரில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து முதலில் அதன் உள்ளங்கையில் வைத்தார். “தின்னுடா” என்றார். பிறகுதான் தான் ஒரு வாய் வைத்தார்.

அன்றைக்குத்தான் அவர் மெல்லுகிற சத்தத்தை நான் கேட்டேன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எதிரே இருப்பவனைப் பார்ப்பார். அவன் தின்று முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. இடது கை கேரியரைச் சுற்றி வளையவில்லை, தொடைமேல் கிடந்தது. “இதுல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். அவர் வாயிலிருந்து ருசி பற்றி ஒரு பேச்சு வந்ததும் அன்றைக்குத்தான்.

சாயந்திரம் நான் கூட்டும்போது அந்த உள்ளங்கை காலியாக இருந்தது. கீழே ஒரு துணுக்குகூட இல்லை.

“எலி” என்றார் வண்டிக்காரர். சாயமும் பசையும் நாறும் அந்த அறையில் நான் எலியைப் பார்த்ததே இல்லை. “ஆக, குடோனுக்கு இப்போ பங்காளி வந்தாச்சு” என்று வண்டிக்காரர் சிரித்தார். தினமும் முதல் துண்டு பையனுக்குப் போனது. தினமும் சாயந்திரம் கை காலியாக இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் ரொட்டி விழுங்குவது நின்றுபோனது. பெல்ட்டுக்கு அண்ணி ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார். “என்ன மந்திரம் போட்ட?” என்று என்னைக் கேட்டார். எனக்கு வேர்த்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் கடைக்காரர்கள் குழந்தைப் பொம்மை கேட்டார்கள். “அந்தப் பையனுக்குச் சரியான கையைப் பூட்டி அனுப்பு” என்றார் முதலாளி. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பொம்மை போனால் நாற்காலி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். அவர் பிரஷ்ஷை எடுத்தார். சுண்டுவிரலில் போன உணர்ச்சி திரும்பி வரவில்லை. மற்ற விரல்கள் ஆடவில்லை. ஒரே இழுப்பில் இமை. இரண்டு கண்ணும் எழுதி முடித்து, அதன் முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். நீட்டிய கையைக் கழற்றிவிட்டுத் தொங்குகிற கையைப் பூட்டினார். பையன் வண்டி ஏறிப் போனான்.

கழற்றிய கை கூடைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசைமேல், அவருக்கு எதிரே, உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்தார். முதல் துண்டு அதற்குப் போனது. சாயந்திரம் கை காலியாகவே இருந்தது.

போன வாரம் ஒரு நாள் நான் கூட்ட வந்தபோது துண்டு அப்படியே இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார்.

“இன்னைக்குப் பசியில்ல போல” என்றார்.

பழைய ஆளாக இருந்தால் அது அடுத்த நொடி அவர் வாயில் இருந்திருக்கும். அவர் அதை எடுத்துக் கேரியருக்குள் வைத்தார். உள்ளே அவர் வைத்த மிச்சமும் இருந்தது. மூடினார். மேசைமேலேயே வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நடந்து போய், குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினார். ஒரு தடவைகூடத் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

இப்போது அவர் வாசலைப் பார்த்துச் சாப்பிடுகிறார். கேரியர் தினமும் கொஞ்சம் மிச்சத்தோடு வீட்டுக்குப் போகிறது. கை மேசைமேல்தான் இருக்கிறது. நான்தான் அதற்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.