பால் கவர் பையும் ஐந்து கிலோ மரச்சீனியும்

போன வாரம் கருங்கல் சந்தையிலிருந்து வரும்போது, நான் பால் கவரில் செய்த பையின் கைப்பிடி பஸ்ஸில் வைத்துப் பிய்ந்துவிட்டது. மரச்சீனிக் கிழங்கு டிரைவர் சீட்டுவரை உருண்டது. வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பை செய்யச் சொல்லித் தருகிறவளே நான்தான் என்பது பஸ்ஸுக்கே தெரியும்.

இன்றும் அதே பஸ். என் வகுப்புக்கு வரும் ஜெசிந்தா அக்கா, தான் செய்த பால் கவர் பை நிறையக் கிழங்கோடு ஏறினார்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "டீச்சரே, இன்னைக்கும் நாங்க கிழங்கு பொறுக்கணுமா?"

அக்கா பையை அவரிடம் நீட்டினார். "நல்லா இழுத்துப் பாரும் ஓய்."

இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"யாரு சொல்லித் தந்தது?"

"டீச்சருதான், வேற யாரு?"

பின்சீட்டுப் பெண்கள் நான்கு பேர் நாளைக்கே வகுப்புக்கு வருகிறார்களாம். நான் ராணி மாதிரி இறங்கினேன்.

உண்மை உங்களுக்கு மட்டும். நான் சொல்லித் தந்தது கைப்பிடியை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவது. அக்கா போட்டிருந்தது மீன்வலைக்குப் போடும் முடிச்சு.

நாளை வகுப்பு பத்து மணிக்கு. அந்த முடிச்சு தெரிந்தவர்கள் ஒன்பதுக்குள் எனக்குச் சொல்லித் தரவும். அக்காவிடமே கேள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.