மாமன் ஏறாத விமானம்

என் அண்ணன் வேலை பார்ப்பது நடுக்கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டில். அந்த நாட்டு அரசாங்கமே நடத்தும் விமானக் கம்பெனியில் இன்ஜினியர். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தமே இரண்டு விமானங்கள். ஒன்று பறந்து வருஷக்கணக்காகிறது. மற்றதில் எது கெட்டாலும் இதிலிருந்து கழற்றி அதில் மாட்டுவார்கள். சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டில் மட்டும் அதற்கு "நம்ம பிளேன்" என்று பேர். அந்த நம்ம பிளேனை நம்பித்தான் என் மகள் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். வேறு வழியாக முன்கூட்டியே வரச் சொல்லலாமே என்றேன்.

"சொந்த வண்டிய வெச்சிக்கிட்டு எவனாவது டவுன் பஸ்ல வருவானா?" என்றார் மாமனார்.

கிள்ளைப் பக்கம் இருக்கிறது அவர்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு ஒரே அண்ணன்; அப்பா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவன். அவன் மடியில் என் பிள்ளை உட்கார வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் போன் பண்ணினான்.

"பிளேன் சரியில்லம்மா. எறங்கும்போது சக்கரத்த வெளிய தள்ளுற சாமான் மக்கர் பண்ணுது. மாத்துறதுக்கு பார்ட்ஸ் இல்ல. கேட்டு எழுதி எத்தினியோ மாசமாச்சு. அந்த காசுலதான் வாலுக்கு புது பெயிண்ட் அடிச்சானுங்க."

மந்திரி வீட்டு ஆட்கள் சென்னையில் கல்யாண ஜவுளி எடுக்க வேண்டுமாம். அதனால் விமானம் கிளம்பியே ஆக வேண்டும். மேலதிகாரி அண்ணனைக் கூப்பிட்டு, "உனக்கும் ஊரில் விசேஷம் என்றாயே, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நீயும் ஏறிக்கொள்" என்றாராம். அண்ணன் போடவில்லை. இன்னொருவரைப் பிடித்துப் போடவைத்துக்கொண்டார்கள். அப்போதும் அவனுடைய சீட் அவனுக்காகக் காலியாகத்தான் இருந்தது.

"நானே பறக்கக் கூடாதுன்னு சொன்ன பிளேன்ல நானே எப்படிம்மா ஏறுவேன்?" என்றான். அங்கிருந்து சென்னைக்கு வேறு விமானமும் கிடையாது; சுற்றி வர நாளும் இல்லை.

வாலில் புதுப் பெயிண்டில் பளபளவென்று நாட்டுக் கொடி. சக்கரம் இறங்கச் சாமான் இல்லை. கேட்டால் அது நாட்டின் கௌரவமாம். அந்தக் கௌரவத்தை மாதா மாதம் துடைத்து, கழற்றி, மாட்டிப் பறக்க வைத்தவன் என் அண்ணன். ஒரே ஒரு நாள் முடியாது என்று சொன்னதும் அவன் வேண்டாதவன் ஆகிவிட்டான்.

மறுநாள் காலை கோயிலில் எல்லோரும் கூடியிருந்தபோது மாமனார் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பிளேன் நேத்து சாயங்காலமே மெட்ராஸ்ல எறங்கிடுச்சு. ஒங்க அண்ணன் எங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு கையெழுத்து. அத போட்டுட்டு வந்து புள்ளய மடியில வெச்சிருக்கலாம். ஒண்ணும் ஆவலையே?"

ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை அண்ணன் மேல் இருக்கும் குற்றச்சாட்டே அதுதான். அங்கே மேலதிகாரியும் அதையேதான் சொன்னாராம். சொல்லிவிட்டு அவனைப் பார்ட்ஸ் ரூமுக்கு மாற்றினார், பார்ட்ஸே இல்லாத ரூமுக்கு. லீவும் கிடையாது. விமானம் விழுந்திருந்தால் அவன் யோக்கியன். நல்லபடியாக வந்துசேர்ந்ததால் திமிர் பிடித்தவன். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாமன் முறைக்குக் கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவனும் மடியில் துண்டை விரித்துக்கொண்டு தயாராக இருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அவ மாமா வந்ததும் குத்திக்கலாம்."

அதற்குப் பிறகு மாமனார், சீரோடு வந்திருந்த என் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியாணி மட்டும் பந்தி பந்தியாக நடந்தது. அம்மா சீர்த்தட்டுகளை மூடி, வந்த வேனிலேயே திரும்ப ஏற்றினாள். பட்டுப்பாவாடை, பழம், கம்மல் எல்லாம் அப்படியே கடலூரில் அம்மா வீட்டுக்கே போயின. அதை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

மகள் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போகிறாள். "பொட்டப்புள்ளைக்கு இன்னுமா குத்தல?" என்று கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

போன மாசம் மாமனார் காசிக்குக் கிளம்பினார். ஜென்மத்தில் முதல் விமானம். நான் அடுப்படியில் இருக்கும்போது சென்னை விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேளேன்."

"என்னன்னு மாமா?"

"இந்த பிளேன பாத்து கையெழுத்து போட்டவன் யாரு, என்னன்னு விசாரிக்க முடியுமா? கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன். வால்ல பெயிண்ட் புதுசா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா வேனில் ஏற்றிய தட்டுகள்தான் கண் முன்னால் வந்து நின்றன.

"ஒரு கையெழுத்துதானே மாமா," என்றேன்.

அந்தப் பக்கம் யாரையோ ஏறச் சொல்லி மைக்கில் கூப்பிடுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காதுகுத்து அவரு வர அன்னிக்கே வெச்சிக்கலாம்மா. மொதல்ல அவருக்கு போன போடு."